பிறர் கையில் வளரும் பாத்திரம்

கூடி எழுதும் கதைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே இலக்கிய நண்பர்கள் பலர் முகம் சுளிக்கின்றனர். "அது பிள்ளை விளையாட்டு, அதில் இலக்கியம் எங்கே இருக்கிறது?" என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், விளையாட்டு என்ற சொல்லைச் சொன்னவுடனேயே விவாதம் முடிந்துவிட்டதாக நினைப்பதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். பலர் கூடி ஒரு கதையை எழுதுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்தின் பேச்சையும் செயலையும் மனத்தையும் மட்டுமே அவர் எழுதலாம். ஒருவர் ஒரு பத்தி எழுதி நிறுத்தினால், அடுத்தவர் தம் பாத்திரத்தின் வாயிலாக அதற்கு மறுமொழி எழுதுவார். கதை எங்கே போய் முடியும் என்பது எவருக்கும் தெரியாது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு, பாத்திரம் ஏற்று ஆடுவதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிய கணினி விளையாட்டு முழுக்க எழுத்தால் ஆனது. பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் நுழையலாம். இணையம் பரவிய பின் உலகின் பல மூலைகளிலும் இளைஞர்கள் இப்படிக் கூடி எழுதுகின்றனர். அவர்களில் சிலர் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். நமக்குத்தான் அது தெரிவதில்லை.

இம்முறைக்குப் புதியவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்கின்றனர். எழுதத் தொடங்கும் முன்பே பாத்திரத்தைப் பற்றி நான்கைந்து பக்கங்களுக்குக் குறிப்பெழுதி வைக்கின்றனர். கண்ணின் நிறம், உயரம், இடக்கன்னத்தில் தழும்பு, இளமையில் பெற்றோரை இழந்த சோகம், எவராலும் வெல்ல முடியாத வாள்வீச்சு என்று எல்லாம் அதில் இருக்கும். பாத்திரம் முழுமையாகிவிட்டது என்று மகிழ்ச்சியோடு கதைக்குள் வருவார்கள். வந்த பிறகு அப்பாத்திரம் அசைய மறுக்கும். அதற்கு நடப்பதற்கு இனி ஒன்றுமில்லை. நடக்க வேண்டியதெல்லாம் குறிப்பிலேயே நடந்து முடிந்துவிட்டது.

கூடி எழுதும் கதையில் பாத்திரம் தனியே செய்து கொண்டுவந்து வைக்கும் பொருளன்று என்பது நம் கருத்து. பிறர் பற்றி இழுப்பதற்கு எத்தனை பிடிகளை அதில் விட்டு வைக்கிறோமோ அந்த அளவுக்கே அது வளரும். இதற்குச் சான்றாக நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

1826ஆம் ஆண்டு ஜூன் மாதம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவொர்த் என்னும் சிற்றூர். அவ்வூர்ப் பாதிரியார் பாட்ரிக் பிராண்ட்டே லீட்ஸ் நகரத்திலிருந்து திரும்பும்போது தம் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மரச்சிப்பாய்களை வாங்கி வந்தார். அப்போது மூத்தவள் சார்லட்டுக்கு வயது 10, பிரான்வெல்லுக்கு 9 நிறையவில்லை, எமிலிக்கு 7, ஆனுக்கு 6. நால்வரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டனர். சார்லட் தன் சிப்பாய்க்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள். பிரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன் ஆனான். எமிலியின் சிப்பாய்க்குக் கடுத்த முகம்; அந்த முகத்தைக் கொண்டே அவனுக்குப் பெயர் வந்தது. ஆனின் சிப்பாய் மிகச் சிறியவன். அவளைப் போலவே இருந்தான் என்று சார்லட் 1829இல் எழுதிய குறிப்பில் சொல்கிறாள். அவனை ஏவலுக்கு நிற்கும் பையன் என்று அழைத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முன்கூட்டி எழுதிய குறிப்பு எதுவும் அக்குழந்தைகளிடம் இல்லை. மரத்துண்டில் கண்ட ஒரு முகக்குறியும் உயரக் குறைவும்தான் தொடக்கம். மற்றவை எல்லாம் ஆட்டத்தில் வந்தன. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் கண்ணாடி நகரம் என்றொரு கற்பனை நகரை அமைத்தார்கள். அதற்கு நிலப்படம் வரைந்தார்கள். அந்த நகரத்துச் சிப்பாய்கள் படிப்பதற்கென்று, சிப்பாயின் கைக்கு ஏற்ற அளவில், தீப்பெட்டியினும் சற்றே பெரிதான இதழ்களைத் தம் கையாலேயே எழுதித் தைத்தார்கள். 1829 சனவரியில் அந்த இதழைத் தொடங்கியவன் பிரான்வெல். அதே ஆண்டு சார்லட் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்றாள். அவ்விதழ்களில் 1830ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்றை 2019இல் பாரிசில் நடந்த ஏலத்தில் ஹாவொர்த்தில் உள்ள பிராண்ட்டே அருங்காட்சியகம் 6 இலட்சம் யூரோவுக்கு வாங்கியது. பிள்ளை விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்லவில்லை. விலையைக் கொண்டு இலக்கியத்தை அளக்க முடியாது. அந்த நுட்பத்தைப் பாருங்கள். இதழின் அளவுகூட வாசகன் யார் என்பதைக் கொண்டு முடிவாகியிருக்கிறது. விவரம் என்பது இதுதான்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பாத்திரங்கள் மாறின. சார்லட்டின் வெலிங்டன் மெல்லப் பின்னுக்குப் போக, அவருடைய மூத்த மகன் முன்னே வந்தான். பின்னாளில் அவன் சமோர்னா என்னும் பட்டம் பெற்று, 1834இல் அமைந்த ஆங்க்ரியா என்னும் நாட்டுக்கு அரசனானான். அழகன், கவிஞன், பெண்கள் மனத்தைக் கலைப்பவன். பிரான்வெல் அவனுக்கு எதிராக அலெக்சாந்தர் பெர்சியை வளர்த்தான்; நார்தாங்கர்லாந்துப் பிரபு என்று பட்டம் சூட்டினான். கலகக்காரன், கடவுளை மறுப்பவன், எந்தப் பக்கமும் நிலைத்து நிற்காதவன். இந்த இருவரையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அந்தக் காலத்து பைரன் பாணி நாயகர்களின் நகல்கள் என்று ஒதுக்கிவிடலாம். ஒருவனை மற்றவன் முன் நிறுத்தும்போதுதான் இருவருக்கும் உயிர் வருகிறது. பெர்சியின் ஏளனம் இல்லாவிட்டால் சமோர்னாவின் செருக்குக்கு எல்லை தெரியாது. சமோர்னாவின் வெற்றி இல்லாவிட்டால் பெர்சியின் கசப்புக்குக் காரணம் இல்லை. தமக்கை உருவாக்கிய பாத்திரத்தைத் தம்பியும், தம்பி உருவாக்கியதைத் தமக்கையும் செதுக்கிக்கொண்டே இருந்தனர்.

சார்லட் இன்னொரு காரியமும் செய்தாள். சமோர்னாவின் தம்பி சார்லஸ் வெல்லஸ்லியைக் கதைசொல்லி ஆக்கினாள். அவன் வம்பளப்பவன், அண்ணனின் புகழைக் கண்டு புழுங்குபவன். தன் நாயகனைத் தானே கேலி செய்ய ஒரு வாயைக் கதைக்குள் வைத்துக்கொண்டாள் என்று பொருள். கூடி எழுதுவோர் அனைவருக்கும் வரும் நோய் ஒன்று உண்டு. தம் பாத்திரத்தின் மேல் வைத்த பற்றினால் அதைத் தோற்க விடமாட்டார்கள், காயப்பட விடமாட்டார்கள். சார்லஸ் வெல்லஸ்லி அந்த நோய்க்கு மருந்து. 1834இல் அவள் தன் தம்பியையே பாட்ரிக் பெஞ்சமின் விக்கின்ஸ் என்று ஒரு கோமாளிப் பாத்திரமாக்கிக் கதைக்குள் உலவவிட்டாள். வீட்டுச் சண்டையும் கதைக்கு உரமாயிற்று.

நிற்க. இவ்வாறு எழுதுவதில் உள்ள ஆபத்தும் இதே வீட்டில்தான் நடந்தது.

மேரி பெர்சி என்றொரு பெண் பாத்திரம். அவள் பெர்சியின் மகள்; சமோர்னாவின் மனைவி. அதாவது, பிரான்வெல் ஆளும் பாத்திரத்துக்கு மகளாகவும், சார்லட் ஆளும் பாத்திரத்துக்கு மனைவியாகவும் இருந்தாள். இருவர் நிலத்துக்கும் நடுவே உள்ள வரப்பு என்று சொல்லலாம். மாமனும் மருமகனும் பகையானபோது, மாமனைத் தண்டிக்க மருமகன் எடுத்த கருவி மேரிதான். அவளைக் கைவிட்டால் பெர்சியின் நெஞ்சு உடையும். 1836இல் சார்லட் ரோ ஹெட் என்னும் இடத்தில் பள்ளி ஆசிரியை. பிரான்வெல் வீட்டிலிருந்தபடி கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தான். தன் பாத்திரத்தின் மனைவியைத் தம்பி கொன்றே விட்டானோ என்ற கவலை அவளைப் பிடித்துக்கொண்டது. மேரி இறந்துவிட்டாளா, புதைத்தும் விட்டார்களா என்று பள்ளி வேலைக்கு நடுவே கிடைத்த தாளில் எழுதி வைத்திருக்கிறாள். இருபது வயதுப் பெண், மாணவிகள் சூழ அமர்ந்து, இல்லாத ஒருத்தியின் சாவுக்காகத் தவித்திருக்கிறாள். அதன்பின் எழுதிய கதையில் மேரியை உயிரோடு வைத்துத் தன் நாயகனை அவளிடம் திருப்பி அனுப்பினாள்.

இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை. பிறர் கையில் உள்ள பாத்திரத்தை அவர் ஒப்புதல் இன்றி அசைப்பதை இன்று இவ்வாறு எழுதுவோர் 'காட்மாடிங்' என்று வைகின்றனர். தம்மைக் கடவுளாக்கிக்கொள்வது என்பது அதன் பொருள். ஆனால், மேரியின் சிக்கல் இன்னும் நுட்பமானது. அவள் யாருடைய பாத்திரம்? தந்தை வழியில் தம்பிக்கு உரிமை. கணவன் வழியில் தமக்கைக்கு உரிமை. உரிமை யாருக்கு என்று அறுதியிட முடியாத இடத்தில்தான் அவள் மிகவும் உயிருள்ளவளாக இருக்கிறாள். எனவே, பிறர் பாத்திரத்தைத் தொடவே கூடாது என்ற விதியும் முழு விடையாகாது. எவருமே தொடாத பாத்திரம் அலமாரியில் வைத்த பொம்மை. தொட்டால் அடுத்தவர்க்கு வலிக்கும் என்பதை அறிந்து தொட வேண்டும். இது இலக்கணமன்று, பண்பு.

இந்த இடத்தில் நம் அகமரபு நினைவுக்கு வராமல் இருக்குமா? சங்க அகப்பாடலில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவியாகவோ தோழியாகவோ செவிலியாகவோ தலைவனாகவோ நின்று பேசுகிறார். யார் கூற்று, யாரிடம் கூறியது என்பதே பாட்டுக்கு நுழைவாயில். அவர்களுக்கு இயற்பெயர் சூட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் வைத்தால் அவள் ஒரு புலவரின் சொத்தாகிவிடுவாள். பெயர் இல்லாத தலைவி எல்லாப் புலவர்க்கும் பொது. ஐங்குறுநூற்றை எடுத்துக்கொள்வோம். ஓரம்போகியார் மருதம், அம்மூவனார் நெய்தல், கபிலர் குறிஞ்சி, ஓதலாந்தையார் பாலை, பேயனார் முல்லை என்று ஐவர் ஆளுக்கு நூறு பாடல்கள். ஐவரும் ஒருவர்க்கொருவர் விடையாக எழுதினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரே பாத்திர வரிசையை ஐவரும் ஏற்றுப் பேசினார்கள் என்பதே செய்தி. அந்த வரிசை ஐவருக்கு மட்டும் உரியதன்று. அகம் பாடிய அத்தனை பேருக்கும் உரியது.

அங்கே விவரத்துக்கு என்ன வேலை என்பதையும் பார்க்க வேண்டும். தலைவியின் கண் நிறத்தையும் அவள் குடும்ப வரலாற்றையும் தனியே பட்டியலிட்டுப் பாத்திரத்தை அறிமுகம் செய்யும் வழக்கம் அங்கில்லை. மருதத்தில் ஒரு நண்டு வயலில் முளையை அறுக்கும். எருமை ஒன்று பூவை மேயும். களவன் பத்து, எருமைப் பத்து என்று அவற்றின் பெயரால் பத்துகளே உண்டு. அந்த நண்டும் எருமையும் தலைவன் நடத்தையைச் சொல்லாமல் சொல்லும். கருப்பொருள் என்னும் பொதுக் கிடங்கிலிருந்து ஒன்றை எடுத்துக் குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டால் போதும். மீதியைக் கேட்பவர் நிறைவு செய்வார். கூடி எழுதுவோர் இதைவிடச் சிக்கனமான பாடத்தை வேறெங்கும் கற்க முடியாது. பொது உலகத்தின் நிலமும் பொழுதும் எல்லோர்க்கும் தெரிந்திருந்தால், ஒவ்வொருவரும் கொஞ்சம் எழுதினாலே நிறையக் கேட்கும்.

பெயரைப் பற்றிச் சொன்னோம். மீண்டும் ஹாவொர்த்துக்குப் போவோம். 1831இல் சார்லட் படிக்கச் சென்றபோது எமிலியும் ஆனும் தனியே பிரிந்து காண்டல் என்றொரு தீவை வடபசிபிக் கடலில் உருவாக்கிக்கொண்டனர். அக்கதைகளின் உரைநடை நமக்குக் கிடைக்கவில்லை. பாத்திரங்களின் கூற்றாக எழுதிய கவிதைகளும் சில நாட்குறிப்புத் தாள்களும் எஞ்சியுள்ளன. 1844இல் எமிலி தன் கவிதைகளை இரண்டு குறிப்பேடுகளில் படியெடுத்தபோது ஒன்றுக்குக் 'காண்டல் கவிதைகள்' என்றே தலைப்பிட்டாள். 1846இல் மூன்று சகோதரிகளும் புனைபெயரில் கவிதைத் தொகுப்பு வெளியிட்டபோது, அவள் தன் கவிதைகளிலிருந்து காண்டல் பெயர்களையும் குறிப்புகளையும் நீக்கினாள். அதன்பின்னும் அவை நின்றன. காண்டலின் அரசியும் கைதியும் யார் என்றறியாத வாசகரும் ஒரு குரலைக் கேட்டனர். பெயரும் ஊரும் கழன்ற பிறகும் எஞ்சி நிற்பது எதுவோ அதுவே பாத்திரம். அகப்புலவர்கள் தொடக்கத்திலேயே செய்ததை எமிலி முடிவில் செய்தாள் என்று நமக்குத் தோன்றுகிறது. அதே வேளையில், பதினைந்து ஆண்டுக்காலம் அந்தப் பெயர்களோடும் ஊர்களோடும் வாழாமல் இருந்திருந்தால் நீக்கிய பின் எஞ்ச என்ன இருந்திருக்கும்?

1845 ஜூன் இறுதியில் எமிலியும் ஆனும் யார்க் நகரத்துக்குப் பயணம் போனார்கள். வழிநெடுகக் காண்டல் மாந்தர்களாகவே மாறி ஆடிக்கொண்டு போனதாக எமிலி எழுதுகிறாள். அப்போது அவளுக்கு 27 நிறைய ஒரு மாதம். காண்டல் முன்போலவே செழித்திருக்கிறது என்பது அவள் குறிப்பு. அடுத்த நாள் தேதியில் ஆன் எழுதிய குறிப்பில், காண்டல் மக்கள் இப்போது ஆட்டத்துக்கு அவ்வளவு தக்க நிலையில் இல்லை என்று வருகிறது. ஒரே ஆட்டம், ஒரே பயணம். ஒருத்திக்கு நிறைவு, மற்றவளுக்கு அலுப்பு. கூடி எழுதிய எவருக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும். தோழமைக்காக ஆட்டத்தைத் தொடர்பவர்கள் உண்டு. அவர்கள் அலுப்பைப் பாத்திரம் வெளிக்காட்டாது. ஆனால் பாத்திரம் மெலியும்.

விவரம் ஒரு கடன் என்பதற்கு இன்னொரு சான்று. 1931இல் லண்டனின் துப்பறியும் கதை எழுத்தாளர் சங்கம் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்ற நாவலை வெளியிட்டது. செஸ்டர்ட்டன் முன்கதை எழுத, அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், ரொனால்ட் நாக்ஸ் முதலியோர் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்ந்தார்கள். இங்கே ஆளுக்கொரு பாத்திரம் இல்லை. கதை முழுவதும் கைமாறுகிறது. ஆனாலும் அவர்கள் வகுத்துக்கொண்ட விதி நமக்கு வேண்டியது. முன்னவர் விட்டுச்சென்ற சிக்கல் எதையும் அடுத்தவர் கண்டுகொள்ளாமல் போகக் கூடாது. தாம் ஒரு சிக்கலைப் போட்டால் அதற்குத் தம்மிடம் ஒரு விடை இருக்க வேண்டும். வெறுமனே அடுத்தவரைத் திணறடிப்பதற்காக முடிச்சுப் போடக் கூடாது. கடைசி அத்தியாயம் எழுதிய ஆந்தனி பெர்க்லி, குப்பையைக் கூட்டிச் சுத்தம் செய்வது என்ற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். விதி இருந்தும் குப்பை சேர்ந்திருக்கிறது. விதி இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இனி, நாம் செய்த பிழையையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இவ்வளவும் சொல்வது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை மூன்றாமாண்டு மாணவர்கள் சிலரைச் சேர்த்து ஒரு நோட்டில் இப்படியொரு கதையை எழுதச் செய்தோம். கண்மாய்க் கரையில் ஒரு சிற்றூர், ஆளுக்கொரு பாத்திரம். ஒரு மாணவன் வட்டிக்கு விடும் ஒருவரை எழுதினான். எழுதப் படிக்கத் தெரிந்தும் அவர் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடமாட்டார். கைநாட்டுத்தான் வைப்பார் என்பது அவன் தந்த விவரம். ஏன் என்று அவனும் சொல்லவில்லை. உடனே மற்றவர்கள் ஆளுக்கொரு காரணத்தைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அதிகம் பேசாத ஒரு மாணவி, ஓய்வு பெற்ற ரயில்வே கேட் கீப்பர் ஒருவரைத் தேர்ந்துகொண்டாள். மீட்டர்கேஜ் பாதையை எடுத்த பிறகு நின்றுபோன பாசஞ்சர் வண்டியின் நேரத்துக்கு அவர் நாள்தோறும் பின்னிரவு இரண்டேகால் மணிக்கு விழித்துக்கொள்வார். அவ்வளவுதான் அவள் எழுதியது. வேறொரு மாணவியின் பாத்திரமான டீக்கடைக்கார அம்மாள், பின்னிரவில் அடுப்பு மூட்டும்போது அவர் வந்து பெஞ்சில் உட்காருவதைக் கண்டு முதல் டீயை அவருக்குத் தரத் தொடங்கினாள். இரண்டு பாத்திரங்களும் வளர்ந்தன. ஒருவர்க்கொருவர் பெரிதாகப் பேசிக்கொள்ளவும் இல்லை.

பருவத் தேர்வு நெருங்கியது. கதையை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் நமக்கு. ஒரு மாலையில் நோட்டை வாங்கி, கேட் கீப்பர் ஒருநாள் இரண்டேகால் மணிக்கு எழுந்துபோய்ப் பழைய பாதையில் படுத்து அப்படியே இறந்துபோனார் என்று நாமே எழுதிவிட்டோம். நல்ல முடிவு என்று அப்போது பெருமைகூடப் பட்டோம். மறுநாள் நோட்டைப் படித்த அந்த மாணவி எதுவும் சொல்லவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். "ஐயா, அவர் அந்த அம்மாகிட்ட ஒன்னு சொல்ல வேண்டியிருந்துச்சுங்கய்யா" என்றாள்.

என்ன சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டோம். "அது அவருக்குத்தான் தெரியும். எழுதினா எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

பாத்திரப் படைப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது நம் குறிப்புகளில் இல்லை. எழுதித்தான் அவள் அவரை அறிந்துகொண்டிருந்தாள். நாம் அந்த அறிதலை நடுவில் அறுத்துவிட்டோம். அவள் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு குற்றமில்லை. வேண்டுமானால் அந்தப் பக்கத்தை அடித்துவிடலாம், அவரை மீண்டும் எழுதலாம் என்று சொன்னோம். பிராண்ட்டே குழந்தைகள் தங்களைப் பூதங்களாகக் கதைக்குள் வைத்துக்கொண்டு, இறந்த வீரர்களுக்கு உயிர் கொடுத்து எழுப்புவார்கள். அந்த நினைவு நமக்கு. அவள் வேண்டாம் என்றாள். எல்லோரும் படித்துவிட்டார்கள், அவர்களைப் பொறுத்தவரை அவர் இறந்தாயிற்று என்பது அவள் எண்ணம். கதை தனக்கு மட்டும் உரியதன்று என்பதை நம்மைவிட அவள் நன்றாக அறிந்திருந்தாள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு கருத்துக்கு விடை சொல்ல வேண்டும். பலர் கை பட்டால் ஒருமை கெடும். பெரும் படைப்பு தனிமையில்தான் பிறக்கும் என்பார்கள். மறுப்பதற்கில்லை. சார்லட் 1839 அளவில் ஆங்க்ரியாவுக்கு விடை கொடுத்து எழுதினாள். அந்தச் சுடும் வெயில் நாட்டை விட்டு வெளியேற விரும்புவதாகவும், வெளியேறும்போது வீட்டைப் பிரிவது போல் இருப்பதாகவும் அதில் சொல்கிறாள். 1847இல் 'ஜேன் ஐர்' வந்தது. எமிலியோ காண்டலை விட்டு வெளியேறியதாக நாம் காணவில்லை; அவளுடைய 'வதரிங் ஹைட்ஸ்' நாவலும் அதே ஆண்டு இறுதியில் வந்தது. ஒருத்தி பிரிந்து எழுதினாள். ஒருத்தி பிரியாமல் எழுதினாள். பிரான்வெல்லுக்கு எந்த நாவலும் முடியவில்லை, 1848இல் இறந்துபோனான். கூடி எழுதினால் எல்லோரும் எழுத்தாளர் ஆகிவிடுவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், தன் பாத்திரத்தை மற்றொருவர் கண்ணால் பார்க்கும் பழக்கம் அங்கே கிடைக்கிறது. தனியே எழுதும்போது அந்த மற்றொருவரையும் நாமே நடிக்க வேண்டியிருக்கும். முன்பு ஒருமுறையாவது உண்மையான மற்றொருவர் எதிரில் இருந்திருந்தால் அது எளிது.

எனவே, இம்முறையில் எழுதும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சில. பாத்திரத்துக்குப் பத்து விவரங்கள் தேடாதீர்கள். அடுத்தவரைக் கேள்வி கேட்க வைக்கும் ஒன்று போதும். அடுத்தவர் தந்த விவரத்தை மறக்காதீர்கள். மூன்று பக்கம் கழித்து அது திரும்பி வரும்போது அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்கு ஈடான விமரிசனம் இல்லை. உங்கள் பாத்திரம் தோற்கட்டும். பிறர் பேச்சில் சிறுமைப்படட்டும். அடுத்தவர் பாத்திரத்தின் சாவையும் மணத்தையும் மனமாற்றத்தையும் அவரைக் கேளாமல் எழுதாதீர்கள். கதை முடியாமல் போனாலும் போகட்டும்.

நம் நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சொல்லி முடிக்கிறோம். கேட் கீப்பரின் சாவுக்குப் பிறகு அந்த மாணவி எழுதவில்லை. தேர்வுக்கு முன் கடைசியாக நோட்டைக் கேட்டு வாங்கிப்போனவள் டீக்கடை அம்மாளை எழுதிய மாணவி. அவள் எழுதியது நான்கே வரி. அம்மாள் இரண்டேகால் மணிக்கு விழித்துக்கொள்கிறாள். அடுப்பு மூட்ட இன்னும் நேரம் இருக்கிறது. ஏன் விழித்தோம் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து அடுப்பை மூட்டி, முதல் டீயை ஆற்றி, ஆளில்லாத பெஞ்சின் ஓரத்தில் வைக்கிறாள்.

நோட்டைத் திருப்பித் தந்தபோது அதை முதலில் அந்த மாணவியிடமே கொடுத்தோம். படித்துவிட்டு, கேட்காமலேயே நம்மிடமிருந்து பேனாவை வாங்கினாள்.